கம்மாபுரம் டு பாரிஸ்: தாத்தா போட்ட ஒரு கையெழுத்து!

விருத்தாசலத்திலிருந்து அரைமணி நேர பஸ் பயணம், கம்மாபுரம் வந்துவிடும். ஒன்றிய அலுவலகம், காவல் நிலையம், ஒரு கடைத்தெரு. அதைத் தாண்டினால் நெல்லும் கரும்பும். வானம் தெளிந்த நாளில் நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடு மலைபோலத் தெரியும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் ஒன்று நெய்வேலி, இல்லையென்றால் விருத்தாசலத்துப் பீங்கான். அகல் விளக்கு, கொலு பொம்மை, டீ கப், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பியூஸ் கேரியர் என்று விருத்தாசலம் சூளையில் வெந்து வந்த ஏதாவது ஒரு பொருள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

என் சித்தி மகள் அந்தப் பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவள். இப்போது பாரிஸ் அருகே சார்செல் என்ற புறநகரில் இருக்கிறாள். ‘ஐ.டி. வேலையா?’ என்று ஊரில் கேட்டார்கள். இல்லை. ‘மேல்படிப்பா?’ அதுவும் இல்லை. பிரெஞ்சுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள்.

‘வெள்ளைக்காரரா!’ என்று வாயைப் பிளக்க வேண்டாம். மாப்பிள்ளை அரியாங்குப்பத்துத் தமிழர். வீட்டில் சாம்பார், பாக்கெட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட். அவருடைய தாத்தா 60 வருடங்களுக்கு முன்பு புதுச்சேரியில் போட்ட ஒரு கையெழுத்தின் பலன் அது. அந்தக் கையெழுத்து கம்மாபுரத்துப் பெண்ணை எதுவரை கொண்டுபோய் விடும், எங்கே இறக்கிவிடும் என்பதுதான் இந்தப் பயணக் கதை.

வழியில் குறுக்கிடும் எல்லை

விருத்தாசலத்தில் கடலூர் பஸ் ஏறினோம். மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர். அங்கிருந்து புதுச்சேரி பஸ். முள்ளோடை வந்ததும் ரோட்டோரக் கடைகளின் போர்டுகளே மாநிலம் மாறியதைச் சொல்லிவிடுகின்றன.

வரைபடத்தில் பார்த்தால் புதுச்சேரி ஒரே துண்டு நிலமாக இருக்காது. பாகூர் ஒரு பக்கம், நெட்டப்பாக்கம் ஒரு பக்கம் என்று தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிச் சண்டை போட்டுப் பங்கு பிரித்த மிச்சம் அது. ஆனால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் நம் ஜனங்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததே இல்லை. கடலூர்ப் பெண் பாகூரில் வாழ்க்கைப்பட்டாள். பாகூர்ப் பெண் பண்ருட்டிக்கு வந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனார்கள். குழந்தை எந்தக் கொடியின் கீழ் பிறக்கிறது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கு பின்னால் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

1881: பெயரை மாற்றிக்கொண்டவர்கள்

கதை 1881-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி பிரான்ஸ் ஒரு ஆணை போட்டது. பிரெஞ்சிந்தியாவில் பிறந்த எவரும், எந்தச் சாதி, எந்த மதமாக இருந்தாலும், தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது அது. ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். ஒருமுறை கையெழுத்திட்டால் திரும்பப் பெற முடியாது. கணவர் கையெழுத்திட்டால் மனைவிக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அது செல்லும்.

இதற்கு முன்னோடியாக நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் ஐரோப்பியர்போல ஷூ அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார் என்பதற்காக அவரைத் தடுத்தார்கள். வழக்கு பாரிஸ் வரை போய் அவருக்குச் சாதகமாக முடிந்தது. பிறகு அவர் ‘லாபோர்த்’ என்று குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார். அவர் வழியில் பலர் புதுப் பெயர் சூடினார்கள். புதுச்சேரியில் தமிழ் முகமும் பிரெஞ்சுக் குடும்பப் பெயருமாக ஒருவரைச் சந்தித்தால், பெரும்பாலும் இந்தக் கதையின் வாரிசு என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதியால் ஒதுக்கப்பட்ட பலருக்கு அந்தக் காகிதம் கதவைத் திறந்தது. அன்று பிரான்ஸ் வசமிருந்த சைகோனுக்கு எழுத்தராக, காவலராக, சிப்பாயாகப் போனார்கள். ஓய்வுபெற்றுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாயைப் புதுச்சேரித் தமிழில் ‘சொல்தா’ என்பார்கள். ‘சொல்தா வீடு’ என்று அடையாளம் சொன்னால் பழைய ஆட்கள் இன்றும் வழி காட்டுவார்கள்.

1962: ஆறு மாத அவகாசம்

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான்.

அன்றிலிருந்து ஆறு மாத அவகாசம். அந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் தாமாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். ‘இல்லை, நான் பிரெஞ்சுக்காரனாகவே இருக்கிறேன்’ என்றால் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்களில் பலர் மனமாரவே இந்தியர் ஆனார்கள். செய்தியே எட்டாமல் போனவர்களும் உண்டு என்று புதுச்சேரித் திண்ணைகளில் இன்றும் பேசிக்கொள்வார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு.

தாய்வீட்டுப் பிரசவத்தின் கணக்கு வந்து நிற்பது இங்கேதான். ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பிரிவுகள் பேசியது, அந்தப் பிரெஞ்சுப் பகுதிகளில் ‘பிறந்தவர்களை’ப் பற்றி மட்டும். பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்து, கடலூரிலோ விருத்தாசலத்திலோ பாட்டி வீட்டில் பிறந்திருந்தால் அவர் அந்தப் பிரிவுகளுக்குள் வரவில்லை. எதையும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக் குடியாகத் தொடர்ந்தார். பாட்டி வீட்டில் குழந்தை அழுத இடம் இரண்டு தலைமுறையின் பாஸ்போர்ட்டைத் தீர்மானித்திருக்கிறது!

இப்படிப் பூர்விக உரிமை கிடைப்பது புதுச்சேரிக்கு மட்டும் உரியதல்ல. 1961 டிசம்பருக்கு முன் கோவாவில் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போர்ச்சுகல் குடியுரிமை கேட்கலாம். தாத்தா பாட்டியில் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருந்தால், காமன்வெல்த் நாட்டுக்காரருக்கு அங்கே ‘ஆன்செஸ்ட்ரி விசா’ உண்டு. மனைவியோ கணவரோ கூடவே போகலாம். எல்லா இடத்திலும் ஒரே விதி: உரிமை ரத்தத்தில் வந்தவருக்குச் சொத்து. துணையாகப் போகிறவருக்கு அது நிபந்தனையோடு கிடைக்கும் அனுமதி.

‘தாத்தா பேப்பர் இருக்கு’ என்று சொன்னால்...

புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் கடற்கரை அருகே மரைன் தெருவுக்குப் போனோம். அங்கேதான் பிரெஞ்சுத் துணைத் தூதரகம். பிரெஞ்சு தேர்தல் நாளில் வேட்டி கட்டிய தாத்தாக்கள் பிரான்ஸ் அதிபருக்கு ஓட்டுப் போடும் ஊர் இது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் பகுதியில் பிரெஞ்சு வாக்காளர்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

‘பிரெஞ்சு மாப்பிள்ளை’ என்றாலே கல்யாணச் சந்தையில் விலை ஏறிவிடுகிறது. நகை, ரொக்கம், கார் என்று பேரம் ஓடுகிறது. 1961 முதல் வரதட்சணை இந்த நாட்டில் குற்றம் என்பதைப் பாஸ்போர்ட்டின் நிறம் மறக்கடித்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கும் முதலில் ஒரு தரகர் வந்தார். வேறொரு பையனின் ஜாதகம். ‘தாத்தா பேப்பர் பத்திரமா இருக்கும்மா. கல்யாணம் முடிஞ்சா பையனுக்கும் கிடைச்சிடும், பொண்ணுக்கும் கிடைச்சிடும்’ என்றார்.

சித்தப்பா அதிகம் படிக்காதவர். நிலம் வாங்கி விற்ற அனுபவம் மட்டும் உண்டு. ‘தாத்தா பட்டா இருக்கட்டும், பேரன் பேர்ல சிட்டா இருக்கா?’ என்று கேட்டார். தரகர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சித்தப்பா கேட்டது மிகச் சரியான கேள்வி. பிரெஞ்சு சட்டத்தில் ஒரு விதி உண்டு. 50 ஆண்டுகளுக்கு மேல் குடும்பமே வெளிநாட்டில் வாழ்ந்து, அந்தக் காலத்தில் தகப்பனோ பிள்ளையோ பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்டதற்கு (பதிவு, அடையாள அட்டை, பாஸ்போர்ட் என்று) எந்த அடையாளமும் இல்லையென்றால், ‘பரம்பரையாக நாங்கள் பிரெஞ்சு’ என்று பிறகு நிரூபிக்க வழியில்லை. புதுச்சேரிக்கு அந்த 50 ஆண்டு 2012 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. டிரங்குப் பெட்டியில் தூங்கும் 1962-ம் வருடக் காகிதம் தனியாக யாரையும் விமானம் ஏற்றாது. பையனின் கையில் இன்றைய தேதியில் செல்லும் பிரெஞ்சு பாஸ்போர்ட் அல்லது குடியுரிமைச் சான்றிதழ் இருக்கிறதா? முதல் கேள்வி அதுதான்.

தாலி கட்டினால் போதுமா?

ஒரு காலத்தில் போதும். பிரெஞ்சுக்காரரை மணந்த வெளிநாட்டுப் பெண் அந்தக் கணமே பிரெஞ்சுக்காரி ஆனாள். 1973-ல் அந்தச் சட்டம் மாறியது. அப்போது கல்யாணமான அத்தைகளின் அனுபவத்தை வைத்து இன்றைய பெண்களுக்கு யோசனை சொல்லக் கூடாது.

இப்போது வழி இப்படி. கல்யாணத்துக்கு முன்பே தூதரகத்தில் தெரிவித்து, திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அவர்கள் அறிவிப்பு ஒட்டுவார்கள். தேவைப்பட்டால் இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவார்கள். இது பொய்க் கல்யாணமா, கட்டாயக் கல்யாணமா என்று பார்ப்பதுதான் நோக்கம். கல்யாணம் ஆனதும் இங்கே பதிவு செய்து, அந்தப் பதிவைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன்பிறகுதான் நீண்டகால விசா. பிரெஞ்சுக் குடிமக்களின் துணைவருக்கு விசாக் கட்டணம் கிடையாது. ‘விசா ஃபீஸ் மட்டும் இத்தனை லட்சம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை ஆன்லைனில் பதிந்து உறுதிசெய்ய வேண்டும். பிறகு அரசோடு ஓர் ஒருங்கிணைப்பு ஒப்பந்தம்: குடிமைப் பயிற்சி, மொழித் தேர்வு. நல்ல செய்தி, முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கும் உரிமை உண்டு.

குடியுரிமை கேட்க, கல்யாணமாகி நான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரான்ஸில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வசித்ததைக் காட்ட முடியாவிட்டால் பொதுவாக ஐந்து. பிரெஞ்சு மொழி கட்டாயம். 2026 ஜனவரி முதல் அந்தத் தேர்வு ‘பி2’ நிலைக்கு உயர்ந்துவிட்டது. கடையில் ரொட்டி கேட்கிற பிரெஞ்சு போதாது. நாலு பேர் விவாதிக்கும்போது ஐந்தாவது ஆளாகப் பேசவும் எழுதவும் வர வேண்டும்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் கல்யாணமானாலும் பெண்ணின் பிறந்த பெயர் மாறாது. நம் இன்ஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் ஆகிறது. ‘இங்கே போஸ்ட்மேன்கூட என்னை மதாம்னு சொல்லி அப்பா பேரைத்தான் கூப்பிடறார்’ என்று தங்கச்சி போனில் சிரித்தாள். சித்தப்பாவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்! ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து என்று இருந்தால் அங்கே ஒவ்வொரு கவுன்டரிலும் நிற்க வேண்டியிருக்கும். இங்கேயே எல்லாவற்றையும் ஒன்றாகச் சரிசெய்துகொள்வது நல்லது.

கார் து நோர் பக்கம் ஒரு கடைத்தெரு

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் பகுதியில் நடந்தால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, பட்டுப்புடவை, தாலிக்கொடி எல்லாம் கிடைக்கும். கடைகள் பெரும்பாலும் ஈழத் தமிழர்களுடையவை. அருகே மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிவில் அந்தத் தெருக்களில் தேர் ஓடும், தேங்காய் உடைபடும். புதுச்சேரிக்காரர்கள் சார்செல், கார்ஜ், லா கூர்னேவ் போன்ற புறநகர்களில் அதிகம். அடுக்குமாடி வீடுகள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கீழ்வீட்டில் ஆப்பிரிக்கக் குடும்பம், மேல்வீட்டில் துருக்கிக் குடும்பம்.

தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம் என்று தோன்றும். அதுதான் ஆபத்து. டாக்டரிடம் கணவர் பேசுகிறார், வங்கியில் கணவர் பேசுகிறார், பிள்ளையின் பள்ளியில் கணவர் பேசுகிறார். பத்து வருடம் கழித்தும் அந்த ஊரில் அவள் ஒரு விருந்தாளி.

கணவர் நல்லவராக இருக்கும்வரை இது சோம்பல். இல்லாவிட்டால் இது சிறை. சேர்ந்து வாழ்வது நின்றால் வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க மறுக்கலாம் என்பது சட்டம். இதைச் சொல்லியே மிரட்டி வைக்கும் ஆண்கள் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்திலேயே மறுபக்கமும் இருக்கிறது. குடும்ப வன்முறையால் பிரிந்து வந்த மனைவிக்கு அந்தக் காரணத்தைக் காட்டி அட்டையை மறுக்கக் கூடாது. 3919 என்பது வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கான இலவசத் தொலைபேசி எண், இரவும் பகலும் இயங்கும். கல்யாண சீர்வரிசையில் எதை மறந்தாலும் இந்த எண்ணை மறக்க வேண்டாம்.

கைத்தொழிலும் கையளவு நிலமும்

தங்கச்சி கிளம்பும்போது டிப்ளமோவை எடுத்து வைக்கவில்லை. ‘அங்க போய் யாருக்குக் காட்டப் போறேன்?’ என்றாள். பீங்கானுக்கு பிரான்ஸ் பெயர்போன நாடு. லிமோஜ் பக்கம் 1768-ல் வெள்ளைக் களிமண் கண்டுபிடித்த பிறகு அந்த ஊரின் பெயரே தட்டுக்கும் கோப்பைக்கும் முத்திரை ஆனது. பாரிஸை ஒட்டிய செவ்ரில் 1756-லிருந்து பீங்கான் ஆலை நடக்கிறது. விருத்தாசலத்தில் களிமண்ணைப் பார்த்தவளுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் இந்தியப் படிப்பு அங்கே எதற்குச் சமம் என்று ஒப்பீட்டுச் சான்று தர ‘எனிக்-நாரிக்’ என்ற அரசு அமைப்பு இருக்கிறது. டிப்ளமோ கையில் இருந்தால்தானே கேட்க முடியும்? சித்திதான் கடைசி நேரத்தில் பெட்டியில் திணித்தார். இப்போது அவள் காலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறாள், அந்தச் சான்றுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள்.

இன்னொரு கணக்கு ஊரில் இருக்கிறது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த நாளிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். வரலாம், தங்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. பெற்றோர் வழி வாரிசாக வருகிற நிலத்துக்குத் தடையில்லை. கம்மாபுரத்தில் இது சின்ன விஷயமல்ல. சித்தப்பாவின் நிலத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு. ‘அவதான் பிரான்ஸ் போயிட்டாளே’ என்று சொல்லி அந்தப் பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது. அவளும் பாஸ்போர்ட்டை மாற்றும் முன் இதையெல்லாம் யோசித்துக்கொள்ளலாம். குடியுரிமை எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை, வசிப்பு அட்டையோடு இந்தியராகவே அங்கே வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள்.

புதுச்சேரியில் 1889-லிருந்து அலியான்ஸ் பிரான்சேஸ் நடக்கிறது. பிரெஞ்சு மாப்பிள்ளை பேசி முடித்த வீட்டார், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே பெண்ணை அங்கே மொழி வகுப்பில் சேர்த்துவிடலாம். ஒரு சவரன் குறைந்தாலும் பரவாயில்லை. நகை லாக்கரில் தூங்கும், மொழி அவளோடு ஊர் ஊராக வரும்.

விருத்தாசலம் கோயிலுக்குப் போயிருப்பவர்களுக்கு சுந்தரர் கதை தெரியும். முதுகுன்றத்தில் இறைவன் தந்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஆனால் அப்படியே நம்பி ஆற்றில் போட்டுவிடவில்லை. மாற்றுப் பார்ப்பதற்கென்று அதில் ஒரு துண்டை ‘மச்சம்’ வெட்டித் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். கடவுள் கொடுத்த பொன்னுக்கே அப்படி என்றால், கணவர் வழியில் வருகிற உரிமைக்கு?

ஆகவே பெண்களே, விமானம் ஏறும்போது உங்கள் ஃபைல் உங்கள் கையில் இருக்கட்டும். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, படிப்புச் சான்று, கணவரின் குடியுரிமைச் சான்றின் நகல். ஒரு செட் அம்மா வீட்டு அலமாரியில், ஒரு செட் உங்கள் போனில். தாத்தா போட்ட கையெழுத்து பேரனை பிரெஞ்சுக்காரராக்கியது. பேரனின் மனைவி அங்கே தன் காலில் நிற்க, அவளே கற்றுக்கொண்டு, அவளே போட வேண்டிய கையெழுத்துகள் இன்னும் நிறைய இருக்கின்றன.